குவார்ட்டர் கப்பலேறுகிறது

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைச் சேலைக் கடைகளில் வியாபாரம் ஓய்ந்த மத்தியான நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள், கப்பல் பேச்சு வராமல் போகாது. நிறையச் சரக்கு எடுக்கும் வியாபாரிகளை நூல்காரர்களும் ஜரிகை ஏஜெண்டுகளும் டூர் அழைத்துப் போவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானல், அப்புறம் பாங்காக். 2022 ஜூன் 4ஆம் தேதி கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்த பிறகு, தறிக்காரர்களின் ஆசைப் பட்டியலில் கப்பலும் சேர்ந்துகொண்டது. அப்போது இரண்டு ராத்திரி நடுக்கடல் வரை போய்த் திரும்பலாம் என்றிருந்தது. இல்லையென்றால் விசாகப்பட்டினம் பக்கம் ஐந்து நாள்.

போவதா வேண்டாமா என்பதில் தகராறு இல்லை. “சரக்கு உள்ள விடுவாங்களாங்க?” என்பதில்தான் பேச்சு நிற்கும். விட மாட்டார்கள், வெளியிலிருந்து மது கொண்டுவரக் கூடாது என்பது கப்பலின் விதி என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் வழி சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலைக் காலி செய்து, வோட்கா ஊற்றி, கேசரிக்குப் போடும் பச்சைக் கலர் ஒரு சொட்டு விட்டால் போதுமாம். வெயிலுக்குப் பூசும் கிரீம் டியூப் மாதிரியே காலி டியூப் ஆன்லைனில் கிடைக்கிறதாம். ஊர்ப் பாணியில் சொல்பவர்கள், மனைவியின் பட்டுச் சேலை மடிப்புக்குள் குவார்ட்டரை வைத்துச் சுருட்டச் சொல்வார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் அந்த அம்மாள் என்பது யோசனை சொல்பவருக்கு ஞாபகம் இருக்காது.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கையும் நிற்கிறது. ஊர் முழுக்க, ஏன் தமிழ்நாடு முழுக்கவே, அதை ஒப்புக்கொண்டதுபோல் தெரிகிறது. கப்பல் பாரில் ஒரு பெக் விற்கும் விலைக்கு டாஸ்மாக்கில் குவார்ட்டரே வாங்கிவிடலாம். ஆகவே அது கொள்ளை. கொள்ளைக்காரனிடமிருந்து காசைக் காப்பாற்றிக்கொள்வது சாமர்த்தியம். அவனே கப்பல் முழுக்கச் சாராயம் விற்கிறான், அவன் எனக்கு ஒழுக்கம் சொல்லித் தருவதா? என் காசு, என் பாட்டில், என் வாய்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்த்தால் அறுந்துவிடுகிறது.

முதலில் விலை. கப்பல் கம்பெனி லாபத்துக்காகத்தான் இந்த விதியைப் போட்டது என்றால், ஆமாம், லாபத்துக்காகத்தான். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் கூலி தரவில்லை. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களான ராயல் கரீபியன், கார்னிவல் ஆகியவற்றின் ஆண்டுக் கணக்குகளில் மொத்த வரவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஏறிய பிறகு பயணியிடம் வாங்கும் பணம். பார், சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா எல்லாம் அதில் அடக்கம். டிக்கெட் விலையை இறக்கிக் காட்டி ஆளைச் சேர்ப்பது, ஏறிய பிறகு பார் கணக்கில் ஈடுகட்டுவது என்பதே அந்தத் தொழிலின் கணக்கு. குடிக்காத ஒரு குடும்பம் குறைந்த கட்டணத்தில் கடலைப் பார்த்துவிட்டு வருகிறது என்றால் அதன் செலவில் ஒரு பகுதியைக் குடிப்பவர் கட்டுகிறார். குடிக்கும் செலவைக் குடிப்பவரே கட்டட்டும் என்ற ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

விலை அதிகம் என்பவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். டாஸ்மாக் கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கேட்கிறார்கள் என்பது தமிழ்நாட்டில் சட்டமன்றம் வரைக்கும் போன புகார். அந்தப் பத்து ரூபாயைப் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் கொடுத்துவிட்டு வருகிற ஆள், விலைப் பட்டியலை மேசையில் வைத்து, பில் போட்டு விற்கிறவனைக் கொள்ளைக்காரன் என்கிறார். பட்டியலைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை கப்பலில் முழுசாக இருக்கிறது.

அந்த விதி சட்டப்படி நிற்காது, கோர்ட்டுக்குப் போனால் தெரியும் என்று மார் தட்டுபவர்களும் உண்டு. கோர்ட்டுக்குப் போயே விட்டார்கள், கப்பலுக்காக அல்ல, சினிமாக் கொட்டகைக்காக. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவருவதைத் தியேட்டர்கள் தடுக்கக் கூடாது என்ற ஜம்மு-காஷ்மீர் உயர் நீதிமன்றத்தின் உத்தரவை 2023 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தியேட்டர் உரிமையாளர் தன் இடத்துக்கு விதி வைத்துக்கொள்ளலாம். குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது. பாப்கார்னுக்கே இதுதான் சட்டம் என்றால் பிராந்திக்கு வேறென்ன சொல்வார்கள்?

இதெல்லாம் ஓரத்து விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்றாவது கண்ணி: “அவனே விற்கிறான், அவன் எனக்கு ஒழுக்கம் சொல்லித் தருவதா?” இங்கேதான் நம் புத்தி டாஸ்மாக்கிலேயே நின்றுபோயிருக்கிறது.

டாஸ்மாக் கடையை நினைத்துப் பாருங்கள். கம்பி வலை. அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. பணம் உள்ளே போகும், பாட்டில் வெளியே வரும். அத்தோடு விற்பவரின் வேலை முடிந்தது. வாங்கியவர் முதல் பாட்டிலா நாலாவது பாட்டிலா வாங்குகிறார், நிற்க முடிகிறதா, வண்டியில் வந்தாரா, வீட்டில் யாரை அடிக்கப் போகிறார் என்பதெல்லாம் அந்த ஓட்டைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். 2003 நவம்பரில் அரசு சில்லறை விற்பனையைத் தானே கையில் எடுத்ததிலிருந்து ஒரு தலைமுறை முழுக்க இதைத்தான் மது வியாபாரம் என்று பார்த்து வளர்ந்திருக்கிறது. 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வரவு கொடுத்த வியாபாரம், விற்றதற்குப் பிறகு என்ன நடந்தாலும் பதில் சொல்லாத வியாபாரம். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கப்பல் பாரைப் பார்த்தால், அங்கேயும் ஒருவன் விற்கிறான் என்பது மட்டும்தான் தெரியும்.

கப்பல் பாரில் ஊற்றுகிறவர் அளந்து ஊற்றுகிறார். ஒவ்வொரு பெக்கும் பயணியின் அட்டையில் ஏறுகிறது. எத்தனை மணிக்கு எத்தனையாவது என்பது பதிவாகிறது. போதை ஏறிய ஆளுக்கு “போதும் சார்” என்று நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. நிறுத்தாமல் ஊற்றினால் கம்பெனிக்கே சிக்கல். அளவுக்கு மேல் குடிக்கக் கொடுத்தார்கள், அதனால்தான் படிக்கட்டில் விழுந்தேன் என்று ராயல் கரீபியன் மீது ஒரு பயணி தொடுத்த வழக்கில், கப்பல்காரருக்குப் பயணியைக் கவனிக்கும் பொறுப்பு உண்டு, வழக்கு நடக்கட்டும் என்று 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஊற்றிய கை பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். இந்தக் கணக்கில் கம்பெனிக்கு ஒழுக்கம் தேவையே இல்லை. பயம் இருந்தால் போதும். பெட்டிக்குள் ஒளித்துவந்த குவார்ட்டர் இந்தக் கணக்கு எதிலும் வராது. பாரில் இரண்டு பெக்கோடு நிறுத்தப்பட்டவர் அறைக்குப் போய் மூன்றாவதிலிருந்து தொடங்குவார். யாரும் அளக்க மாட்டார்கள், யாரும் நிறுத்த மாட்டார்கள், விழுந்தால் யாரைக் கேட்பது?

தரையில் விழுந்தவனைத் திண்ணையில் படுக்கவைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். கடலில் அது நடக்காது. அபாயச் சங்கு ஊதினால் ஒவ்வொருவரும் தனக்குச் சொல்லிவைத்த இடத்துக்குத் தன் காலால் நடந்து போக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா சாய்ந்து 32 பேர் இறந்தபோது, புதிதாக ஏறிய பயணிகளில் பலருக்கு எங்கே போய் நிற்பது என்பதே தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள்; 2015 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. கப்பலேறியதும் முதல் வேலையாக அறையில் மூடியைத் திருகுகிறவர் அந்தப் பயிற்சியில் எந்த நிலையில் நிற்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் கோபத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. ‘எம்பிரஸ்’ 1990இல் கட்டிய கப்பல். சன்னலில்லாத உள்ளறை எங்கள் ஊரில் ஒரு விசைத்தறி போடும் இடத்தைவிடப் பெரிதாக இருக்காது. கட்டில், ஒரு சின்ன மேசை, குளியலறை, தீர்ந்தது. வெளிச்சரக்கைப் பாரில் வைத்துக் குடிக்க முடியாது, மேல்தளத்தில் குடிக்க முடியாது. குடிக்க முடிகிற ஒரே இடம் இந்த அறைதான். ஆக, நாலு நண்பர்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். மிக்சர் பாக்கெட் பிரியும். தம்ளருக்குப் பல் தேய்க்கும் கண்ணாடிக் குவளை. அந்த அறைக்கு உரிமை உள்ள இன்னொரு ஆள், ஆயுசில் முதல் தடவை கடலேறி வந்த அந்த வீட்டு அம்மாள், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடையில் நிற்பார். “கொஞ்ச நேரம் மேல போய்ட்டு வா” என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எப்போது முடியும் என்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். அப்புறம் அந்த நாற்றத்துக்குள் பிள்ளைகளோடு அவர் படுக்க வேண்டும்.

2023 ஏப்ரலில் கல்யாண மண்டபங்களிலும் சிறப்பு அனுமதியோடு மது பரிமாறலாம் என்று அரசிதழில் வந்தபோது தமிழ்நாடு கொதித்தது. பெண்களும் குழந்தைகளும் வரும் இடம் என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். அரசும் கல்யாண மண்டபத்தை விட்டுவிட்டது. எங்கள் பக்கத்து ஆண்களும் அன்று அதே கோபத்தோடு பேசினார்கள். மண்டபத்துக்கு ஆகாத சரக்கு, மனைவியும் பிள்ளைகளும் தூங்கும் கட்டிலுக்கு மட்டும் எப்படி ஆகிறது? பாரில் போய்க் குடித்தால் அறை அறையாகவே இருக்கும். சொந்தப் பாட்டில் குடியைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. கூடுதல் விலை கொடுத்துப் பாரில் குடிக்கச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம், குடித்தே தீருவேன் என்பவருக்கு அதைத்தான் சொல்கிறேன்.

கூச்சமில்லாமல் ஒளித்துக்கொண்டு போவதற்கு எங்கள் மாவட்டத்தில் வரலாறு உண்டு. இந்தியாவில் மதுவிலக்கு முதலில் வந்த மண் இது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜியின் சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியது. அன்றைய சேலம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தி, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகை நடத்திய ராஜாஜிக்கு இந்த மாவட்டத்தின் குடி நன்றாகத் தெரிந்திருந்தது. கலால் வரவு போய்விடுமே என்று கேட்டவர்களுக்குப் பதிலாக 1939இல் விற்பனை வரி வந்தது. ஆனால் சட்டத்துக்கு எல்லை இருந்தது. காவிரிக்கு இக்கரையில் குமாரபாளையம் சேலம் மாவட்டம், அக்கரையில் பவானி கோயம்புத்தூர் மாவட்டம். ஆற்றைத் தாண்டினால் அந்தச் சட்டம் இல்லை. எல்லை எங்கே முடிகிறது என்று பார்த்துக் கால் வைக்கும் புத்திக்கு இங்கே வயது அதிகம். புதுச்சேரி போய்த் திரும்பும்போது டிக்கியில் நாலு பாட்டில் வைத்துக்கொண்டு, எல்லைச் சோதனைச் சாவடியில் கடவுளை வேண்டுவது அதன் இன்றைய வடிவம்.

அந்தப் புதுச்சேரியே 2022 ஜூனில் இந்தக் கப்பலைக் கரை சேர விடவில்லை என்பது வேடிக்கை. சூதாட்டம் இருக்கிறது, பண்பாட்டுக்கு ஆகாது என்று எதிர்ப்பு. கப்பல் கடலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியது. சரக்குக்குப் பெயர்போன ஊருக்கே கப்பலைப் பற்றி இத்தனை யோசனை. மும்பையிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் பயணத்தை எடுத்துக்கொண்டால், பங்காரம் தீவு நீங்கலாக அங்கே மதுவிலக்கு நடப்பில் இருக்கிறது. கப்பல் போகிற கரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். பயணி பையில் உள்ள பாட்டில் அத்தனை சட்டத்துக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறது. ஒரு பாட்டில் பிடிபட்டால் பயணிக்கு அவமானம். கப்பலுக்கோ அந்தத் துறைமுகமே போகலாம். அதற்கு முன்னால் சேலத்திலிருந்து சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வரும் ராத்திரியிலேயே அதைத் திறந்து, போதையில் பெட்டியில் கலாட்டா செய்தால் ரயில்வே சட்டம் 145ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை என்கிறது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. முத்திரை உடையாத பாட்டில் என்றால் ஸ்கேனரில் மாட்டும். மாட்டாமல் இருக்கத்தான் வேறு குப்பிக்கு மாற்றுகிறார்கள். மாற்றிய குப்பியில் இருப்பது இன்ன சரக்கு, இன்ன கடையில் வாங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உயிருக்குப் போராடியவர்களில் பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கிவந்தார்கள். பெயர் தெரியாத குப்பி என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆம்புலன்ஸாவது இருந்தது. நடுக்கடலில் ஒரு சின்ன மருத்துவ அறை. குடித்ததை வெளியே சொல்ல முடியாத நோயாளி. டாக்டர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பார்?

குடித்து முடித்த காலி பாட்டில் எங்கே போகும்? அறைக் குப்பைத் தொட்டியில் போட்டால் காலையில் துப்புரவு செய்பவர் பார்த்துவிடுவார். மிச்சம் இருப்பது கடல். குப்பையைக் கப்பலிலிருந்து கடலில் வீசுவதை 2013 ஜனவரி முதல் சர்வதேச விதி அநேகமாக முற்றிலும் தடுக்கிறது; கண்ணாடிக்கு எங்கேயும் அனுமதி கிடையாது. நாம் மலையில் செய்ததைப் பார்த்தால் கடலில் என்ன செய்வோம் என்று ஊகிக்கலாம். யானைக் காலில் உடைந்த பாட்டில் குத்துகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. கடலில் போட்ட பாட்டிலை எந்தக் கடையில் கொடுப்பது?

வெளிநாட்டில் விடுகிறார்களே என்பார்கள். சிங்கப்பூர் உறவுக்காரர் சொல்லியிருப்பார். ராயல் கரீபியனும் கார்னிவலும் வயது வந்த ஒருவருக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்றை, முதல் நாள் ஏறும்போது கையில் எடுத்துவர அனுமதிக்கின்றன. விஸ்கி, பிராந்தி, பீர் கிடையாது. காட்டிவிட்டுக் கொண்டுபோகும் ஒரு பாட்டில் அது. இதே கார்னிவல் 2015இல் பாட்டில் தண்ணீரைக்கூடக் கொண்டுவரக் கூடாது என்று விதியை மாற்றியது. ஏன்? தண்ணீர் பாட்டிலில் சாராயம் ஊற்றி வந்தவர்கள் அத்தனை பேர். நாலு சாமர்த்தியசாலிகள் செய்த வேலையால், குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துவந்த தாயின் கையிலிருந்தும் அது பறிபோனது. சாமர்த்தியம் என்று இங்கே கைதட்டுகிறோமே, அதன் பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

கப்பலில் வேலை செய்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டைவிட்டு மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் பையன்கள். அறையில் வாந்தி எடுத்தால் துடைப்பவர்கள் அவர்கள்தான், கைகலப்பு வந்தால் நடுவில் நிற்பவர்களும் அவர்கள்தான். ஸ்கேனரில் பாட்டிலைத் தவறவிட்டவருக்கு வேலையே போகலாம். “கண்டுக்காதப்பா” என்று ஐநூறு ரூபாய் நீட்டுகிறவர் அந்தப் பையனின் வேலையைப் பணயம் வைத்துத் தன் குவார்ட்டரைக் காப்பாற்றுகிறார்.

மதுவே கூடாது என்று நான் வாதிடவில்லை. 1937க்குத் திரும்பச் சொல்லவும் இல்லை. கப்பலில் மது இருக்கட்டும், வேண்டியவர் பாருக்குப் போய் விலை கொடுத்துக் குடிக்கட்டும். அந்த விலை அநியாயம் என்று தோன்றினால் இரண்டு ராத்திரி குடிக்காமல் இருந்து பார்க்கட்டும். அதற்கும் முடியாது என்றால் டிக்கெட் எடுக்காமல் இருக்கட்டும். வெளிச்சரக்கு கூடாது என்ற விதி இருந்தும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அப்புறம் பெட்டிக்குள் ஒளிப்பதைத்தான் தவறு என்கிறேன்.

டூர் ஏற்பாடு செய்யும் நூல் வியாபாரிகளுக்கும் ஜரிகை ஏஜெண்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சீசனுக்கு வேன் கிளம்பும் முன், கப்பலின் விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். வெளிச்சரக்கு கூடாது, அறையில் கூட்டம் கூடிக் குடிக்கக் கூடாது என்ற இரண்டு வரியையும் மேலேயே போடுங்கள். அந்தத் தாளைக் கூட வரும் வீட்டுப் பெண்கள் கையிலும் மறக்காமல் கொடுங்கள்.